பாட்ரிக் கிளேட்டனைப் பற்றி எழுதப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். எகிப்தின் மேற்குப் பாலைவனத்தை அளந்து வரைபடமாக்கி, பின்னால் இரண்டாம் உலகப் போரில் படை அதிகாரியான ஆங்கிலேயர் பாட்ரிக் கிளேட்டனைப் பற்றியது. நல்ல நடை, உழைப்பும் தெரிந்தது. மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். 18 வருஷத்துக்கு முன் நான் எழுதிய அதே வாக்கியம் கிட்டத்தட்ட அதே சொற்களில் அங்கே இருந்தது. இரண்டு வாரம் கழித்து வேறு ஊரிலிருந்து ஒரு பெண் அனுப்பிய கட்டுரையிலும் அதே இடத்தில் அதே தவறு.

பயணிகள், நில அளவையாளர்கள் இவர்களுடைய வாழ்க்கையைத் தமிழில் எழுதுவதுதான் நீண்ட நாளாக என் வேலை. எழுத்துப் பிழை, ஊர்ப் பெயர் உச்சரிப்பு, ஆண்டு மாறிப்போவது போன்றவற்றை யார் படித்தாலும் திருத்திவிடலாம். அவற்றை இங்கே எடுக்கவில்லை. திருத்துகிறவர் கண்ணிலும் படாமல் தப்பிவிடுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஆளைப் பற்றிச் சுருக்கமாக. பாட்ரிக் ஆண்ட்ரூ கிளேட்டன் 1896-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தார். 1920-களிலும் 30-களிலும் எகிப்து அரசின் பாலைவன அளவைத் துறையில் ஏறக்குறைய 20 வருஷம் வேலை பார்த்தார். அதற்கு முன் வெறும் வெள்ளையாகக் கிடந்த பெரும்பரப்பு அவர் கையால் வரைபடத்தில் ஏறியது. 1940-ல் பாலைவனப் பயணியும் படை அதிகாரியுமான பாக்னால்ட் தொடங்கிய நெடுந்தூரப் பாலைவனக் குழு என்ற பிரிட்டிஷ் படைப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து, 1941 ஜனவரியில் சிறைப்பட்டார். 1962-ல் இறந்தார்.

இரண்டு கிளேட்டன்களை ஒருவராக்குவது

இதைத்தான் அந்தத் தம்பி செய்திருந்தார். நானும் செய்தேன்.

1932-ல் எகிப்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கில்ஃப் கபீர் பீடபூமியை நோக்கி ஒரு குழு கிளம்பியது. செர்சுரா என்று அரபு மக்கள் கதைகளில் வரும் தொலைந்துபோன பாலைவனச் சோலையைத் தேடும் பயணம் அது. முக்கியமானவர்கள் நான்கு பேர். அங்கேரியரான லாஸ்லோ அல்மாசி, பிரிட்டிஷ் விமானப் படையைச் சேர்ந்த பெண்டரல், சர் ராபர்ட் கிளேட்டன்-ஈஸ்ட்-கிளேட்டன், பாலைவன அளவைத் துறை சார்பில் பாட்ரிக் கிளேட்டன். ஒரே குழுவில் இரண்டு கிளேட்டன்கள் இருந்தார்கள். இருவருக்கும் உறவு கிடையாது.

சர் ராபர்ட் பாரனெட் பட்டம் உள்ள, வசதியான குடும்பத்து இளைஞர். சொந்தமாக ஒரு ஜிப்சி மாத் விமானத்தோடு வந்தவர். அந்த விமானத்திலிருந்து பார்த்தபோதுதான் பீடபூமியின் மேல் பசுமையான பள்ளத்தாக்கு ஒன்று தெரிந்தது. ஊர் திரும்பிய சில மாதங்களில், அதே 1932 செப்டம்பரில், நோயால் இறந்துவிட்டார். அவர் மனைவி டோரத்தியும் விமானி. கணவர் விட்ட தேடலைத் தொடர 1933-ல் பாலைவனத்துக்கு வந்து போனார். அந்த வருஷம் செப்டம்பரிலேயே இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் விமானத் தளத்தில் நடந்த விபத்தில் அவரும் இறந்தார்.

பாட்ரிக் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த அளவையாளர்.

நான் என்ன செய்தேன் என்றால், இந்த இரண்டு பேரையும் ஒருவராகவே படித்தேன். ஒரு புத்தகத்தில் கிளேட்டன் விமானத்தோடு வருகிறார். இன்னொன்றில் கிளேட்டன் கோணம் அளக்கும் தியோடலைட்டை வைத்து நட்சத்திரம் பார்க்கிறார். மற்றொன்றில் கிளேட்டன் இத்தாலியர்களிடம் சிறைப்படுகிறார். மூன்றும் ஒரே ஆள் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. "செல்வக் குடும்பத்தில் பிறந்த கிளேட்டன் சொந்த விமானத்தில் எகிப்துக்கு வந்து, பாலைவனத்தின் மேல் கொண்ட காதலால் அளவைத் துறையில் சேர்ந்தார்" என்று எழுதினேன். தம்பி கட்டுரையில் "காதலால்" என்ற இடத்தில் "ஈர்ப்பால்" என்று இருந்தது.

இன்றைக்கும் எரிச்சல் தருவது அந்த வாக்கியம் அவ்வளவாக இல்லை. அதற்கு அடுத்து நான் செய்ததுதான். கிளேட்டன் 1932-ல் இறந்ததாக ஒரு குறிப்பு என் கண்ணில் பட்டது. 1941-ல் சிறைப்பட்டவர் 1932-ல் எப்படி இறந்திருக்க முடியும்? அந்தக் கேள்வி வந்தது. ஐந்து நிமிஷம் யோசித்தேன். "அச்சுப் பிழையாக இருக்கும், 1962 என்பது 1932 ஆகியிருக்கிறது" என்று முடிவு கட்டி அந்தக் குறிப்பை ஒதுக்கினேன். உண்மை கதவைத் தட்டியது, நானே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

கட்டுரை ஒரு தொகுப்பில் வருவதாக இருந்தது. அச்சாகி, மடித்து, தைப்புக்குப் போகும் முன் ஓய்வுபெற்ற நில அளவைக்காரர் ஒருவர் தாள்களைப் படித்தார். பதிப்பாளரின் நண்பர். என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "இந்த ஆளுக்குச் சொந்த விமானமும் இருந்தது, அரசாங்கச் சம்பளமும் வாங்கினார் என்கிறீர்களே, லீவு எப்படிக் கிடைத்தது?" என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய் எல்லாக் குறிப்புகளையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் முழுப் பெயரைத் தேடினேன். விடியும்போது ஒரு கிளேட்டன் இரண்டானார். 16 பக்கப் பாரம் முழுவதையும் தள்ளிவிட்டுத் திரும்ப அச்சடிக்க வேண்டியிருந்தது. காகிதம், அச்சுக்கூலி இரண்டும் நான்தான் கொடுத்தேன். தள்ளிய தாள்கள் கட்டுக் கட்டாக அச்சகத்தின் வாசலில் கிடந்ததை இன்னும் மறக்கவில்லை.

இது ஏன் நமக்கு அடிக்கடி நடக்கிறது என்று அப்புறம் யோசித்தேன். நம் வழக்கத்தில் பெயர் என்பது அந்த ஆளுடைய பெயர். முருகேசன் என்றால் அது ஒரு மனிதர், அப்பா பெயர் முன்னால் ஓர் எழுத்தாகச் சுருங்கி நிற்கும். அவர்களுக்கோ பின்னால் நிற்பது குடும்பப் பெயர். "கிளேட்டன்" என்று நாம் எழுதும்போது ஒரு முகத்தை நினைத்துக்கொள்கிறோம். அங்கே அது ஒரு குடும்பத்துக்கே, சில சமயம் சம்பந்தமில்லாத பல குடும்பங்களுக்கே, பொதுவானது. ஆங்கில நூல்கள் முதல் தடவை மட்டும் முழுப் பெயர் சொல்லிவிட்டு, பிறகு குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ளும். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து குறிப்பெடுக்கிறவர் மாட்டிக்கொள்வார்.

கெய்ரோவில் இன்னும் இரண்டு கிளேட்டன்கள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரின்போது அங்கே பிரிட்டிஷ் உளவு வேலையைப் பார்த்த கில்பர்ட் கிளேட்டன் ஒருவர். இரண்டாம் போரின்போது அதே ஊரில் அதே மாதிரி வேலையில் இருந்த அவருடைய தம்பி இல்டிட் கிளேட்டன் இன்னொருவர். அந்தப் பெண்ணின் கட்டுரையில் பாட்ரிக் கிளேட்டன் உளவுத் துறைத் தலைவராகவும் இருந்தார். எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே புரிந்தது.

நம் ஊரில் பலரும் அறிந்த 'தி இங்கிலிஷ் பேஷண்ட்' என்ற நாவலும் அதிலிருந்து எடுத்த திரைப்படமும் குழப்பத்தை இன்னும் கூட்டிவிட்டன. அதில் விமானத்தோடு வரும் இளம் தம்பதிக்குப் பின்னால் சர் ராபர்ட், டோரத்தி இருவரின் சாயல் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் பாலைவனம், கிளேட்டன் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தாலே அந்தக் காதல் கதையைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். டோரத்தியைப் பாட்ரிக்கின் மனைவி என்று எழுதியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். நாவல் நாவலாக நன்றாக இருக்கட்டும். வாழ்க்கை வரலாற்றுக்குள் அதை விடாதீர்கள்.

உங்கள் கையெழுத்துப் படியைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. லிபியப் பாலைவனக் கண்ணாடியை யார் பெயரில் எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும் மணற்கடலைக் கடக்கும்போது பாட்ரிக்கின் கண்ணில் அந்த மஞ்சள் நிறக் கண்ணாடித் துண்டுகள் பட்டது 1932 டிசம்பர் 29. சர் ராபர்ட் அதற்கு மூன்று மாதம் முன்பே இறந்துவிட்டார். கண்ணாடியும் விமானமும் ஒரே ஆளிடம் இருந்தால் உங்கள் கட்டுரையில் ஒரு இறந்தவர் நடமாடுகிறார்.

இந்தத் தவறைச் சின்னதாக நினைக்க வேண்டாம். பாட்ரிக்கிடமிருந்து அது அவருடைய உழைப்பைப் பறிக்கிறது. வருஷக்கணக்காக வெயிலில் நின்று கோணம் அளந்தவரை, பொழுதுபோக்க வந்த பணக்காரராக ஆக்குகிறது. சர் ராபர்ட்டுக்கு அவருடைய குறுகிய வாழ்க்கையும் இல்லாமல் போகிறது. கணவரை இழந்த ஆறேழு மாதத்தில் அதே பாலைவனத்துக்கு வந்த டோரத்தியின் பயணத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. மூன்று பேருக்குச் செய்யும் அநியாயம் அது.

ஆகவே இரண்டு தகவல்கள் மோதினால் ஒன்றை அச்சுப் பிழை என்று தள்ளாதீர்கள். இரண்டு ஆட்களாக இருக்குமோ என்று முதலில் பாருங்கள். குறிப்பட்டை எழுதும்போதே முழுப் பெயரையோ "பா. ஆ. கிளேட்டன்" என்று எழுத்துகளையோ ஒவ்வொரு அட்டையிலும் போடுங்கள். கை வலித்தாலும் பரவாயில்லை.

அல்மாசியை "கவுன்ட்" என்பது

அவருக்கு அந்தப் பட்டம் கிடையாது. எடுத்துவிடுங்கள்.

அளவை வேலையைத் தாண்டிக் குதிப்பது

"பல ஆண்டுகள் பாலைவனத்தை அளந்தார்" என்று ஒரு வரியில் 20 வருஷத்தை முடித்துவிட்டு, 1940-க்கு ஓடிவிடுகிறார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்கும் இடத்துக்கு எப்போது போவோம் என்ற அவசரம். ஆனால் போரில் அவரை ஏன் தேடிக் கூப்பிட்டார்கள் என்பதற்கான பதில் அந்த 20 வருஷத்தில்தான் இருக்கிறது.

கார் பாலைவனத்தில் ஓடும்போது காந்தத் திசைகாட்டியை நம்ப முடியாது. வண்டியின் இரும்பு முள்ளை இழுத்துவிடும். அதனால் பகலில் சூரியத் திசைகாட்டி. தட்டின் நடுவில் நிற்கும் ஊசியின் நிழலை வைத்துத் திசை பார்ப்பார்கள். எத்தனை மைல் ஓடியது என்பதை வண்டியின் மீட்டர் சொல்லும். திசையும் தூரமும் தெரிந்தால் இருக்குமிடம் உத்தேசமாகத் தெரியும். ஆனால் மணலில் சக்கரம் வழுக்கும், மேட்டைச் சுற்றிப் போக வேண்டிவரும், பிழை கூடிக்கொண்டே போகும்.

அதைத் திருத்துவது இரவில். தியோடலைட்டை நிறுத்தி நட்சத்திரங்களின் உயரம் அளப்பார்கள். வானொலியில் வரும் நேரக் குறியோடு கடிகாரத்தை ஒப்பிடுவார்கள். கடிகாரம் ஏன் அவ்வளவு முக்கியம்? பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அந்தக் கணக்கில் 4 விநாடி நேரப் பிழை தீர்க்கரேகையில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கில்ஃப் கபீர் இருக்கும் அட்சத்தில் அது ஏறக்குறைய 1.7 கிலோமீட்டர். கிணறு ஒன்றைத் தேடிப் போகிறவனுக்கு 1.7 கிலோமீட்டர் தள்ளிப் போவது என்றால் என்ன என்று எண்ணிப் பாருங்கள். நாள் முழுக்க வண்டியைத் தள்ளிவிட்டு, ராத்திரி குளிரில் உட்கார்ந்து விநாடி எண்ணிய வேலை அது. இதை எழுதாமல் அவரை "வீரர்" என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

1940 ஜூன் 10-ல் இத்தாலி போரில் இறங்கியது. லிபியா அவர்கள் கையில் இருந்தது. எகிப்தின் தெற்குப் பக்கம் வழியாக அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிரிட்டிஷ் தலைமைக்குத் தெரியவில்லை. அங்கே பிரிட்டிஷ் தளபதியாக இருந்த வேவல், பின்னால் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தவரேதான், பாக்னால்டின் யோசனையை ஏற்றார். பாக்னால்ட் உடனே தேடியது தன்னோடு பாலைவனத்தில் திரிந்த பழைய ஆட்களை. கிளேட்டன் அப்போது தங்கனிகாவில், அதாவது இன்றைய தான்சானியாவில், அளவை வேலையில் இருந்தார். அங்கிருந்து வரவழைத்தார்கள். ஆகஸ்டிலேயே இரண்டு லாரிகளோடு எல்லை தாண்டி உளவு பார்த்துத் திரும்பினார். அதற்கு அவருக்குப் போர்ப் பயிற்சியைவிட உதவியது, அந்த மணல் மேடுகள் எந்தத் திசையில் ஓடும் என்ற அறிவுதான்.

"கண்டுபிடித்தார்" என்ற சொல்

இதை நானும் ஒரு காலத்தில் தாராளமாக அள்ளித் தெளித்தேன். கில்ஃப் கபீரின் பள்ளத்தாக்குகளை வெள்ளைக்காரர்கள் "கண்டுபிடித்த" பிறகு அல்மாசி லிபியாவில் உள்ள குஃப்ரா சோலையில் திபு இனத்து முதியவர் ஒருவரிடம் விசாரித்தார். அவர் மூன்று பள்ளத்தாக்குகளுக்கும் பெயர் சொன்னார். மழை பெய்த வருஷங்களில் அங்கே மாடு, ஒட்டகம் மேய்த்த கதையும் இருந்தது. கண்ணாடிக்கும் அதே கதி. துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த மார்பணி ஒன்றின் நடுவில் இருக்கும் வண்டு உருவம் அதே பாலைவனக் கண்ணாடியில் செதுக்கியது என்று பின்னால் தெரிந்தது. 3,300 வருஷத்துக்கு முன்பே யாரோ ஒருவர் அந்தத் துண்டை எடுத்து வந்திருக்கிறார்.

"வரைபடத்தில் ஏற்றினார்", "அளந்தார்", "அறிவியலாளர் கவனத்துக்குக் கொண்டுவந்தார்" என்று எழுதுங்கள். கண்ணாடி விஷயத்தில் கடைசியாகச் சொன்னது அப்படியே பொருந்தும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கனிமவியலாளர் ஸ்பென்சரோடு சேர்ந்து அதை முறையாக விவரித்து எழுதியவர் பாட்ரிக். அது குறைந்த பெருமை கிடையாது.

எஸ்.ஏ.எஸ். படையோடு சேர்த்துவிடுவது

பிரிட்டிஷ் ராணுவத்தின் அதிரடிப் பிரிவான அந்தப் படை தொடங்கியது 1941 ஜூலை. கிளேட்டன் அப்போது கைதி.

கெபல் ஷெரீஃபில் கொன்றுவிடுவது

1941 ஜனவரியில் கிளேட்டன் சிறைப்பட்ட இடம் அது. அங்கே அவர் இறக்கவில்லை. காயத்தோடு பிடிபட்டார்.

மூரின் நடையைக் கிளேட்டனுக்குக் கொடுப்பது

1941 ஜனவரி 11-ல் கிளேட்டன் தலைமையில் நெடுந்தூரப் பாலைவனக் குழுவினர் 76 பேரும் சாட் நாட்டிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள் சிலரும் லிபியாவின் தென்மேற்கில் இருந்த முர்ஸுக் கோட்டையைத் தாக்கினார்கள். கெய்ரோவிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் ஓட்டி வந்த தாக்குதல். விமானக் கொட்டகையை எரித்தார்கள். பிரெஞ்சு அதிகாரி தொர்னானோ அங்கே உயிரிழந்தார். பிறகு குஃப்ராவைப் பிடிக்க வந்துகொண்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லெக்லேர்க்கின் படைக்கு உதவப் போகும்போது, ஜனவரி 31-ல் கெபல் ஷெரீஃப் என்ற இடத்தில் இத்தாலிய மோட்டார்ப் படையும் விமானங்களும் அவர்களைப் பிடித்துக்கொண்டன. கிளேட்டன் சிறைப்பட்டார்.

அந்தச் சண்டையில் வண்டி எரிந்து தப்பியவர்கள் நான்கு பேர். நியூசிலாந்துக்காரரான மூர், அவரோடு டை, ஈஸ்டன், வின்செஸ்டர். சரணடைய மனமில்லாமல் தெற்கே நடந்தார்கள். கையில் இருந்தது இரண்டு காலன்கூட நிறையாத தண்ணீர். மூரின் காலில் குண்டுச் சிதறல். 10 நாளில் 210 மைல். பிரெஞ்சுக்காரர்கள் கண்டெடுத்தபோது மூர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். ஈஸ்டன் பிழைக்கவில்லை.

இந்தக் கதை மனசைப் பிடிக்கும். அதனால்தான் எழுதுகிறவர்கள் தலைவனைத் தூக்கி அதற்குள் வைத்துவிடுகிறார்கள். கிளேட்டன் அந்த நடையில் இல்லை. அவருடைய ஆட்கள் நடந்தார்கள். அவர் இத்தாலிக்குக் கைதியாகப் போனார். அப்படியே எழுதினால் கதையின் அழுத்தம் கொஞ்சமும் குறையாது.

மைலும் கிலோமீட்டரும்

மூல நூலில் மைல் என்றால் மைல் என்றே விடுங்கள். மாற்றினால் எல்லா இடத்திலும் மாற்றுங்கள்.

1931-ஐ விட்டுவிடுவது

எனக்கு வரும் எந்தக் கட்டுரையிலும் இது இருப்பதில்லை. 1931 ஜனவரியில் இத்தாலியர்கள் குஃப்ராவைப் பிடித்தார்கள். அங்கிருந்த மக்கள் பிள்ளைகுட்டிகளோடு பாலைவனத்துக்குள் ஓடினார்கள். உவேனாத் மலையை நம்பி வந்தார்கள், அங்கே எல்லோருக்கும் போதுமான தண்ணீரும் மேய்ச்சலும் இல்லை. அங்கிருந்து எகிப்தின் தாக்லா சோலைக்கு நடக்கத் துணிந்தவர்களில் பலர் வழியிலேயே தாகத்தால் இறந்தார்கள்.

கிளேட்டன் அந்தப் பக்கம் அளவை வேலையில் இருந்தார். கருவிகளை ஓரமாக வைத்துவிட்டு, தன் கார்களை எடுத்துக்கொண்டு அந்த மக்களைத் தேடித் தேடி ஏற்றினார். திரும்பத் திரும்பப் போனார். போர் அதிகாரியாக அவர் செய்தவை எல்லாம் சேர்ந்தாலும் என் கண்ணில் இதற்கு ஈடாகாது. அதைத் தவிர, 10 வருஷம் கழித்து அவர் எந்த இத்தாலியர்களிடம் பிடிபட்டார், எந்த ஊரை விடுவிக்கப் போகும் வழியில் பிடிபட்டார் என்று பாருங்கள். அதே குஃப்ரா. 1941 மார்ச் 1-ல் லெக்லேர்க்கிடம் குஃப்ரா சரணடைந்தபோது அதைப் பார்க்கக் கிளேட்டன் அங்கே இல்லை.

தம்பியின் கட்டுரையில் அந்த வருஷத்துக்கு ஒரே வரிதான் இருந்தது: "1931-லும் அளவைப் பணி தொடர்ந்தது." விமானத்தை எடுத்த இடத்தில் காலியாகும் இரண்டு பக்கத்தையும் அந்த வரிக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.